கைதட்டி மாட்டிக்கொண்ட ஆலோசகருக்கு

மாணவர் மன்ற ஆலோசகர் பணியிலிருந்து இன்று ஓய்வு பெறும் எங்கள் மேடம் அவர்களுக்கு, மாணவர் நலத் துறைப் பணியாளர்கள் நாங்கள் அனைவரும் கூடிப் பேசி, கொஞ்சம் சண்டையும் போட்டு, மகிழ்ச்சியோடு எழுதி வாசித்தளிக்கும் மடல்.

வாய் திறவாமலே வழி திறந்துவிட்டவரே! வாக்குரிமை இல்லாமலே வாக்குக்கு வலிமை சேர்த்தவரே! கதவோர நாற்காலியைக் கௌரவ ஆசனம் ஆக்கியவரே! தோற்றவரைத் தேடிப்போய்த் தேநீர் தந்தவரே! ஆண்டுதோறும் பொறுப்பேற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பொறுமையாய்ப் பின்னால் இருந்தவரே! வணக்கம்! வணக்கம்! மறுபடியும் வணக்கம்!

இதற்கு மேல் அடைமொழி போட்டால் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவீர்கள். மாணவர்களின் மேடைப் பேச்சுகளில் நீங்கள் அடித்துத் தள்ளிய "மாண்புமிகு"க்களையும் "பெருமதிப்பிற்குரிய"க்களையும் சேர்த்து வைத்திருந்தால் இந்த அறை கொள்ளாது. எனவே நிறுத்திக்கொள்கிறோம்.

மடல் என்றால் உங்களைப் பார்த்து, "நீங்கள் அப்படி, நீங்கள் இப்படி" என்று புகழ வேண்டும். ஆனால் நாம் கூடியிருப்பது மாணவர் மன்றத்தின் அறையில். இங்கே ஒரு விதி உண்டு. யாரும் யாரையும் நேருக்கு நேர் "நீ" என்றோ "நீங்கள்" என்றோ பேசக் கூடாது. எதுவானாலும் அவைத்தலைவரைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மற்றவரைக் குறிப்பிட்டால் "அவர்" என்றுதான் குறிப்பிட வேண்டும். "'நீ'ன்னு ஆரம்பிச்சா சட்டையைப் பிடிக்கிறதுலதான் போய் முடியும்" என்று சொல்லி அந்த விதியை வகுத்தவர் நீங்கள். அதை இப்போது உங்கள் மேலேயே பிரயோகிக்கப் போகிறோம். மேடையில் உங்களுக்காகப் போட்ட மெத்தை நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நீங்கள் வழக்கம்போல் கதவோரத்தில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். நல்லது, அங்கேயே இருங்கள். நாங்கள் அவைத்தலைவரிடம் பேசிக்கொள்கிறோம். குறுக்கே பேச உங்களுக்கு உரிமை கிடையாது. அதுவும் நீங்கள் வகுத்ததுதான்!

அவைத்தலைவர் அவர்களே!

ஆலோசகர் என்றால் ஆலோசனை சொல்கிறவர் என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் மேடம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மன்றத்துக்கு ஆலோசகர். மன்றம் நடக்கும்போது ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாடியில் இந்த நீள அறை. ஒரு கால் ஆடுகிற மேசை. சுற்றும்போது டக், டக் என்று சத்தம் போடும் மின்விசிறி. தொட்டால் வீறிட்டு அழும் மைக். பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். மேடம் கதவை ஒட்டி ஒரு மர நாற்காலி போட்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருப்பார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்பதுண்டு, ஏன் கதவோரம் என்று.

"கோவிச்சுக்கிட்டு வெளிய போற பிள்ளை என்னைத் தாண்டித்தானே போகணும்" என்பார்.

அப்படிப் போகிறவர்களைத் தடுக்க மாட்டார். நீட்டியிருந்த காலை மடக்கி வழி விடுவார். அவ்வளவுதான். அந்தக் கால் மடங்குகிற நேரத்தில் பாதிப் பேரின் கோபம் மடங்கிவிடும். திரும்பிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இதற்குத் தனியாகப் படிப்பு ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே அடக்கி வைக்கிற பேச்செல்லாம் எங்கே போகிறது என்று எங்களுக்கும் ஐயம் இருந்தது. மேடத்தின் கணவர், கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஐயா, ஒரு நாள் எங்கள் ஐயத்தைத் தீர்த்தார். "அங்க வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கெல்லாம் வட்டியும் முதலுமா என்கிட்டதான் கொட்டுறா. என் காது ரெண்டும் உங்க பல்கலைக்கழகத்துக்குச் செஞ்ச தொண்டு, தெரியுமா?" என்றார். அவர்கள் வீட்டிலும் மன்ற விதிகள்தான். மகள் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் அப்பாவின் சமையல்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்ததும், அம்மா அதை வழிமொழிந்ததும், அப்பா அதை வரவேற்று மறுநாளிலிருந்து அடுப்படிப் பக்கமே போகாததும் நாங்கள் கேட்டுச் சிரித்த கதைகள்.

ஆலோசகரின் இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும், வென்றவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் ஒரு பக்கம் போகும். மேடம் எதிர்ப்பக்கம் போவார். தோற்றவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்து, கேன்டீனுக்கு அழைத்துப்போய், டீ வாங்கிக் கொடுத்து, எதிரில் உட்காருவார். ஆறுதல் சொல்ல மாட்டார். டீ குடிப்பார். வென்றவர்களுக்கு மறுநாள்தான் வாழ்த்து. "ஜெயிச்சவங்களுக்கு இன்னைக்கு நான் எதுக்கு? ஊரே இருக்கு" என்பார்.

எங்கள் துறையில் உதவியாளர் ஒருவர் இருக்கிறார். இள வயதில் மனைவியை இழந்தவர். விடுப்பு முடிந்து வந்தபோது அவரிடம் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினோம். மேடம் மட்டும் சாதாரணக் குரலில், "வாக்குப்பெட்டிச் சாவியெல்லாம் இனிமே உங்க பொறுப்பு" என்று ஒரு கொத்தை மேசையில் வைத்தார். பிறகு கேன்டீனுக்கு அழைத்துப்போனார். அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. இருந்தாலும் டீ வந்தது. மறுநாளும் வந்தது. இதற்கு மேல் அதை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் விடுகிறோம்.

இனி சென்ற பருவத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அவைத்தலைவர் அவர்களே! அதைச் சொல்லத்தான் இந்த மடலே. பதிவாளர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார். கதையில் அவரும் வருகிறார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினோம். "என்னை ரொம்ப வில்லனா ஆக்கிடாதீங்கப்பா" என்று மட்டும் சொன்னார்.

அப்போது மன்றத் தலைவராக இருந்தவர் கட்டடப் பொறியியல் படிக்கும் பெண். அவரைப் பெயர் சொல்லி அழைத்தால் யாருக்கும் தெரியாது. புல்லட் என்றால் வாயிற்காவலர் வரைக்கும் தெரியும். நடந்து போய் யாரும் பார்த்ததில்லை, ஓட்டம்தான். நாம் ஒரு குறையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அதைத் தீர்த்துவிட்டு அடுத்ததைக் கேட்பார். நூலகம் மூடுவதற்கு முன்பே கடைசிப் பேருந்து கிளம்பிவிடுகிறது என்பது மாணவர்களின் நெடுநாள் குறை. புல்லட் தனியாகப் பதிவாளர் அறைக்குப் போனார். தனியாகவே பேசினார். பேருந்து நேரத்தை மாற்றி வாங்கிவந்தார். பதிலுக்கு, மாணவர்களின் ஓய்வுக்கூடத்தை ஆய்வகச் சாமான்கள் போட்டு வைக்க விட்டுக்கொடுத்திருந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு காலையில் பிள்ளைகள் வந்து பார்த்தால் கூடத்துக்குப் பூட்டு! டேபிள் டென்னிஸ் மேசை வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்கிறது!

"பஸ் வந்துச்சுல்ல?" என்றார் புல்லட்.

"பஸ் வந்துச்சு. கூடம் போச்சு. யாரைக் கேட்டுக் குடுத்த?"

"கேட்டுக்கிட்டு நின்னிருந்தா ரெண்டுமே கிடைச்சிருக்காது."

இந்தப் பதில்தான் தீயை மூட்டியது.

மன்றத்தில் இன்னொரு பிள்ளை உண்டு. இயற்பியல் மாணவர். பட்டப்பெயர் நிதானம். டீ சொல்வதென்றாலும் யோசித்துத்தான் சொல்வார். அவர் உறுப்பினர் ஒவ்வொருவரையும் தேடிப்போய், உட்கார்ந்து பேசி, கையெழுத்து வாங்கி, தலைவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைத் தலைவரிடமே கொண்டுவந்து கொடுத்தார். நிகழ்ச்சி நிரல் போடுவது தலைவர். புல்லட் நினைத்திருந்தால் அதைப் பருவம் முழுக்கத் தள்ளிப் போட்டிருக்கலாம். போடவில்லை. முதல் பொருளாகவே வைத்தார்.

துணைத்தலைவர் பயிற்சிக்காக வெளியூர் போய் அந்த இடம் காலியாக இருந்தது. அதனால் தன்மேல் வந்த தீர்மானத்துக்குத் தலைமை வகித்ததும் புல்லட்தான். விதிப்படி, புல்லட்டைப் பற்றிய புகாரைப் புல்லட்டின் முகத்தைப் பார்த்து, "அவர்" என்று சொல்ல வேண்டிய நிலைமை நிதானத்துக்கு.

"அவைத்தலைவர் அவர்களே, தலைவர் வாங்கிக் குடுத்த பஸ்ஸுலதான் நானும் போறேன். வசதியாத்தான் இருக்கு. ஆனா அவர் எங்கள்ல ஒருத்தரைக்கூடக் கேட்கலை. கேட்டிருந்தா நாங்களே சரின்னு சொல்லியிருப்போம். அதுதான் வலிக்குது."

"தலைவர் கேட்டுக்கிட்டார். அடுத்து யார் பேசறீங்க?" என்றார் புல்லட். 

தீர்மானம் நிறைவேறியது. பிள்ளைகள் தட்டித் தட்டி மேசையின் ஆடுகிற கால் இன்னும் ஆடிற்று. புல்லட் தலைவருக்கான மரச்சுத்தியலை மேசைமேல் வைத்தார். எழுந்து கதவை நோக்கிப் போனார். ஆலோசகர் காலை மடக்கினார். புல்லட் நிற்கவில்லை.

ஆரவாரம் அடங்கியதும் செயலாளர் கையைத் தூக்கினார். கூட்டக் குறிப்பில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் தூங்காத பிள்ளை. அதனால் பட்டப்பெயரும் காற்புள்ளிதான்.

"ஒரு சந்தேகம். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போடணும்ல? அதை யாரு கூட்டுறது?"

"தலைவர்தான் கூட்டணும். இது தெரியாதா?"

"எந்தத் தலைவர்?"

அறை முழுக்க மின்விசிறியின் டக், டக் மட்டும் கேட்டது. சுத்தியல் மேசைமேல் கிடந்தது. எடுக்க ஆளில்லை.

"டேய், இதை நாம யோசிக்கவே இல்லையேடா!" என்று யாரோ ஒருவர் சொன்னார். ஆட்சியைக் கவிழ்ப்பதில் இருந்த மும்முரத்தில் அடுத்தது என்ன என்று ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை!

விதி இதுதான். பதவி இழந்த தலைவருக்கு ஒரே ஒரு கடமை மிச்சம் இருக்கும். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை அவரே கூட்டி, அவரே தலைமை வகித்து, சுத்தியலை ஒப்படைக்க வேண்டும். அந்த வார வெள்ளிக்குள் அது நடக்காவிட்டால் மன்றம் கலைந்துவிடும். தேர்தல் இல்லாமல், பதிவாளர் தாமே சில மாணவர்களை நியமிப்பார். தப்பிக்க இன்னொரு வழியும் உண்டு. அவசரம் என்று கருதினால் ஆலோசகர் கூட்டலாம். மேடம் வந்த நாளிலிருந்து அந்த அதிகாரத்தைத் தொட்டதில்லை.

எல்லாத் தலையும் கதவோரம் திரும்பியது. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிட்டார். பின்னாலேயே கூட்டம்.

"மேடம், ஒரே ஒரு கையெழுத்து மேடம்!"

"போட மாட்டேன்."

"ஏன் மேடம்?"

"என் கையெழுத்துல கூடினா அது என் மன்றம். உங்களுது இல்ல. அடுத்து என்ன செய்யறதுன்னு யோசிங்க."

"யோசிச்சாச்சு மேடம், ஒண்ணும் வரலை!" என்றார் காற்புள்ளி.

மறுநாள் பதிவாளர் ஐயாவே எங்கள் அறைக்கு வந்தார். தங்கமான மனிதர். தலைவலி மட்டும் ஆகாது.

"எதுக்கு மேடம் பிடிவாதம்? நீங்களே கூட்டிடுங்க. சொல்லப்போனா இனிமே எல்லாக் கூட்டத்தையும் ஆலோசகரே கூட்டட்டும். உங்களுக்கு அப்புறம் வர்றவங்களும் அப்படியே செய்யட்டும். சின்னப் பசங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

 மேடத்தின் முகம் மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கையெழுத்துப் போட்டால், இந்த ஒரு முறைதான் என்று போட்டது வழக்கமாகிவிடும். போடாவிட்டால், புல்லட்டின் மனம் இறங்காவிட்டால், மன்றம் நியமன மன்றம். எந்தப் பக்கம் போனாலும் மன்றம் பிள்ளைகளின் கையைவிட்டுப் போகும். அதுவும் ஓய்வு பெறுகிற ஆண்டில்! அவர் கட்டியது அவர் கண்ணெதிரே சரிய இருந்தது.

அன்று மாலை மேடம் மருந்துக்கடையில் போய் நின்றாராம்; இது ஐயா பிறகு எங்களிடம் சொன்னது. கல்லாவுக்குப் பின்னால் ஐயா மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கையெழுத்துதானே? போட்டுத் தொலையேன்" என்றார் ஐயா.

"டாக்டர் சீட்டு இல்லாம தூக்க மாத்திரை குடுப்பீங்களா?"

"எப்படிக் குடுப்பேன்? ஒருத்தருக்கு ஒரு நாள் குடுத்தா மறுநாள் தெருவே வந்து நிக்கும்." சொல்லிவிட்டு ஐயா கையை நிறுத்தினார். "சரி, புரியுது. போடாதே."

"அந்தப் பொண்ணு கூட்டலைன்னா எல்லாம் போச்சுங்க."

"அவகிட்ட போய்ப் பேசு."

"என்னன்னு பேசறது? உன்னைத் தூக்கிப் போட்டவங்களுக்காக ஒரு கூட்டம் போட்டுக் குடுன்னா?"

ஐயாவிடம் அதற்கு மருந்து இல்லை. காது மட்டும் இருந்தது.

புதன்கிழமை மேடம் வழக்கத்தை விடவில்லை. வாக்கெடுப்பில் தோற்றவரோடு டீ. கேன்டீன் மூலை மேசையில் புல்லட்டின் எதிரில் உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் எங்களில் இருவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தோம். அது தலைகீழாக இருந்ததைப் பிறகுதான் கவனித்தோம்.

"கூட்டத்தைக் கூட்டச் சொல்லத்தானே வந்தீங்க?" என்றார் புல்லட்.

"இல்ல. டீ குடிக்க."

"நான் கூட்டலைன்னா?"

"மன்றம் கலைஞ்சிடும்."

"அப்ப நீங்க கூட்டுங்க."

"மாட்டேன்."

"ஏன் மேடம், எல்லார் முன்னாடியும் மறுபடி போய் நான் அசிங்கப்படணுமா? பஸ்ஸுக்கு நாயா அலைஞ்சது நான். பஸ்ல ஏறிப் போயி எனக்கு எதிரா ஓட்டுப் போட்டது அவங்க!"

மேடம் டீயை ஆற்றினார். பிறகு ஒன்று கேட்டார்.

"அந்தத் தீர்மானத்தை நீ தள்ளிப் போட்டிருக்கலாமே. ஏன் போடலை?"

"கையெழுத்து வாங்கி முறையாக் குடுத்தாங்க. எப்படித் தள்ளறது?"

"தள்ளியிருந்தா இன்னைக்கும் நீதான் தலைவர்."

"அது... அப்படி எப்படி மேடம்?" என்றார் புல்லட்.  மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. இருவரும் டீயைக் குடித்தார்கள். புல்லட் முதலில் எழுந்து போனார். "சரி" என்றும் சொல்லவில்லை, "முடியாது" என்றும் சொல்லவில்லை. மேடத்தின் கோப்பையில் பாதி டீ அப்படியே இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அவர் டீயை மிச்சம் வைத்து நாங்கள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை அறிவிப்புப் பலகைதான் எங்கள் எல்லோருக்கும் அலுவலகம்! வெள்ளிக்கிழமை கூட வேண்டுமென்றால் வியாழக்கிழமை அறிவிப்பு ஒட்ட வேண்டும். காலையில் பார்த்தோம். இல்லை. சாப்பாட்டுக்குப் போகும்போது பார்த்தோம். இல்லை. காற்புள்ளி பலகைக்கும் எங்கள் அறைக்குமாக நடந்து செருப்பைத் தேய்த்தார். மேடம் தம் மேசையில் காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

மாலையில் புல்லட் வந்தார். ஓடி வரவில்லை. நடந்து வந்தார்.

"குண்டூசி இருக்கா?" என்றார் காற்புள்ளியிடம்.

அறிவிப்பு பலகையில் ஏறியது! "புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தல்" என்று ஒரே ஒரு பொருள். கீழே புல்லட்டின் கையெழுத்து. காற்புள்ளி அதை இரண்டு முறை படித்தார், பேனாவை எடுத்தார், விட்டுப்போன இடத்தில் ஒரு காற்புள்ளி வைத்தார். பிறகு எங்கள் அறைக்கு ஓடிவந்து கதவிலேயே கத்தினார்: "மேடம், ஒட்டியாச்சு!"

வெள்ளிக்கிழமை இந்த அறையில் ஈ நுழைய இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் தலைகள். போட்டி இருவருக்கு. ஒருவர் நிதானம். இன்னொருவர் புல்லட்டின் விடுதி அறைத்தோழி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கடைசி வரை புல்லட் பக்கம் நின்றவர். சீட்டுகளை எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். காற்புள்ளி எழுந்து நின்றார். 

"ரெண்டு பேருக்கும் சமம்!"

சமமானால் என்ன விதி? தலைமை வகிப்பவரின் வாக்கு தீர்மானிக்கும். தலைமை வகிப்பவர் யார்? நாலு நாளைக்கு முன்னால் இதே மேசையைத் தட்டிக் கீழே இறக்கப்பட்ட புல்லட்! தன்னை இறக்கியவர் ஒரு பக்கம். தனக்காக நின்ற தோழி ஒரு பக்கம்.  கதவோரம் மேடத்தின் கை கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு கட்டம் வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. புதன்கிழமை டீயில் இது இல்லை.

புல்லட் எழுந்தார். முதலில் தோழியைப் பார்த்தார். பிறகு அவையைப் பார்த்தார்.

"முன்னாள் தலைவர் பஸ் கொண்டு வந்தார். நல்ல பஸ். இப்பவும் அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர் யாரையும் கேட்கலை. அவரை இறக்கணும்னு நினைச்ச உறுப்பினரோ, ஒவ்வொருத்தரையும் போய்க் கேட்டார். கடைசியா அவரை இறக்கறதுக்கு அவர்கிட்டயே வந்து நின்னார். என்னால அந்த மாதிரி முடியலை. அந்த மாதிரி முடிஞ்சவருக்கு என் ஓட்டு. நிதானம்!"

தன்னைப் பற்றியே "அவர்" என்று சொன்னார், அவைத்தலைவர் அவர்களே! விதி தவறவில்லை! சுத்தியலை எடுத்து நீட்டினார். தோழியின் கண் நிறைந்திருந்தது. ஆனால் முதலில் தலையாட்டியது அவர்தான்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. கைதட்டல். ஒரே ஒருவர் தட்டுகிறார். எல்லோரும் திரும்பிப் பார்த்தால், கதவோரத்தில், கைப்பை கீழே விழுந்தது தெரியாமல், எழுந்து நின்று, எங்கள் மேடம்! முப்பது ஆண்டு மௌனம் இரண்டு உள்ளங்கையில் உடைந்துபோனது!

நிதானம் சுத்தியலை வாங்கினார். வழக்கம்போல் யோசித்தார். பிறகு மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அமைதி. ஆலோசகருக்கு இந்த அவையில கைதட்ட உரிமை கிடையாது. அவர் தயவுசெஞ்சு உட்காரணும்."

மேடம் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்! குறும்பு செய்து பிடிபட்ட பிள்ளைபோல் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டார். அப்புறம் அறை வெடித்தது பாருங்கள்! புல்லட் சிரிக்கிறார், தோழி சிரித்துக்கொண்டே அழுகிறார், ஜன்னல் தலைகள் விசில் அடிக்கின்றன, மேடத்தின் கன்னத்தில் நீர் ஓடுகிறது, ஆனால் மடியில் கட்டிய கை மறுபடி தட்டவில்லை. அப்படி ஒரு அடக்கம்! காற்புள்ளி மட்டும் தலை நிமிராமல் எழுதினார்: "ஆலோசகர் கைதட்டினார், கண்டிக்கப்பட்டார்."

இத்தனை ஆண்டுக் கூட்டக் குறிப்புகளில் மேடத்தைப் பற்றிய ஒரே வரி அதுதான். இதைவிட நல்ல பாராட்டு எங்களுக்கு எழுத வரவில்லை. இந்த மடலைப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் கீழ்மூலையில் அந்த வரியின் நகலையும் ஒட்டியிருக்கிறோம்.

மறுவாரம் நிதானமும் புல்லட்டும் சேர்ந்தே பதிவாளர் அறைக்குப் போனார்கள். ஒருவர் வேகமாகப் பேசினார், ஒருவர் மெதுவாகப் பேசினார். நடுவில் மாட்டிக்கொண்ட ஐயா பேருந்தையும் அதே நேரத்துக்கு விட்டு, கூடத்தையும் திருப்பி விட்டார். ஓய்வுக்கூடத்தில் இப்போது பந்துச் சத்தம் கேட்கிறது. மழையில் நனைந்ததில் மேசை ஒரு பக்கம் உப்பிவிட்டது. அந்தப் பக்கம் நின்று ஆடுகிறவருக்குத்தான் வெற்றி என்கிறார்கள். மன்றக் கூட்டத்தை யார் கூட்டுவது என்ற பேச்சைப் பதிவாளர் ஐயா பிறகு எடுக்கவில்லை. பிள்ளைகள்தான் கூட்டுகிறார்கள். இனியும் அவர்கள்தான் கூட்டுவார்கள்.

அன்று சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மேடத்தை உட்கார வைத்தவர்தான் இன்று இந்த விழாவுக்குத் தலைமை வகிக்கும் அவைத்தலைவர். அவர் அனுமதியோடு விதியை இப்போது மீறுகிறோம். உங்களைப் பார்த்தே பேசுகிறோம், மேடம்.

நீங்கள் நீண்ட நாள் நல்ல உடம்போடு இருக்க வேண்டும். மருந்துக்கடையில் நீங்கள் இருக்கிற இடம் கல்லாவுக்கு அந்தப் பக்கமாகவே இருக்க வேண்டும், மருந்து வாங்கும் பக்கமாக இருக்கக் கூடாது. மாலை நேரத்து டீ ஒரு நாளும் ஆறக் கூடாது. எதிரில் உட்கார ஆள் இல்லாத நாளில் எங்களைக் கூப்பிடுங்கள். தோற்றவர்கள் எங்களில் எப்போதும் யாராவது இருப்போம்.

இன்னொரு செய்தி. நேற்று மாணவர் மன்றம் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்கள். முன்மொழிந்தவர் புல்லட். வழிமொழிந்தவர் அவருடைய தோழி. எதிர்ப்பு இல்லை. "ஓய்வு பெறும் ஆலோசகருக்கு இந்த அவையில் பேசும் உரிமையும், கைதட்டும் உரிமையும், அவர் ஓய்வு நாள் முதல் வழங்கப்படுகின்றன." ஆலோசகராக இருக்கிறவருக்கு அந்த உரிமை இல்லையாம். ஓய்வு பெற்றவருக்கு உண்டாம். உங்கள் விதியையும் காப்பாற்றி, உங்களையும் பேச வைத்துவிட்டார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள், உங்கள் பிள்ளைகள்!

மருந்துக்கடை ஐயா வாசலிலேயே எங்களை எச்சரித்தார்: "மைக்கைக் குடுக்கறது சுலபம். திரும்ப வாங்கறது உங்க பாடு." நாங்கள் துணிந்துவிட்டோம். ஆடுகிற மேசைக்குக் காகிதம் மடித்து அண்டை கொடுத்தாயிற்று. மைக் வீறிடாமல் பார்த்தாயிற்று. மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று.

எழுந்து வாருங்கள், மேடம். நேர வரம்பு கிடையாது. அவைத்தலைவர் உங்களைப் பேச அழைக்கிறார்.

கேட்கக் காத்திருக்கும்,
மாணவர் நலத் துறைப் பணியாளர்கள்